4கே திரைக்கு உங்கள் கிராஃபிக்ஸ் கார்டு ஈடுகொடுக்குமா? வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) இருக்கும் ஒரு பையன் அவசரமாகக் கூப்பிட்டான். மலிவு விற்பனையில் 27 அங்குல 4கே மானிட்டர் வாங்கியிருக்கிறான். அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவர். போனஸில் ஒரு பங்கை மகன் கையில் கொடுத்திருக்கிறார்.

"அண்ணே, மானிட்டர் ஸ்லோவா இருக்கு. கேம் இழுத்து இழுத்து ஓடுது. திருப்பி அனுப்பிடலாமா?"

மேசைக்கு அடியில் குனிந்து பெட்டியைத் திறந்தேன். உள்ளே இருந்த கிராஃபிக்ஸ் கார்டு, அதாவது திரைக்குப் படம் வரைந்து கொடுக்கும் பாகம், 2016இல் வந்த ஜிடிஎக்ஸ் 1060, 6 ஜிபி மெமரி. பழைய 1080பி திரையில் அதே கேமை வினாடிக்கு 60 ஃபிரேமுக்கு (படத்துக்கு)ப் பக்கத்தில் ஓட்டிக்கொண்டிருந்த கார்டு அது. இப்போது திரையின் மூலையில் 17, 18 என்று எண் ஆடியது. கார்டின் காற்றாடி முழு மூச்சாக இரைந்தது, பெட்டியின் பின்பக்கம் கை வைத்தால் அடுப்படிச் சூடு. மானிட்டரில் ஒரு குறையும் இல்லை. பாவம், கார்டுதான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

இந்த ஒரு தவறைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்: திரையை இன்றைக்கு, கார்டை "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தனித்தனியாக வாங்குவது. இரண்டும் ஒரு வண்டியில் பூட்டிய மாடுகள். ஒன்று மட்டும் பெருத்தால் வண்டி நகராது.

கணக்கைப் பார்த்தால் ஏன் என்று புரியும். 1080பி திரையில் 1920க்கு 1080, அதாவது சுமார் 20.7 லட்சம் பிக்சல் (படத்தை உண்டாக்கும் புள்ளி). 1440பியில் 36.9 லட்சம். 4கேயில் 3840க்கு 2160, அதாவது 82.9 லட்சம். 1080இலிருந்து 2160க்குப் போகிறோம், இரண்டு மடங்குதானே என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். உயரம் இரட்டிப்பாகும்போது அகலமும் இரட்டிப்பாகிறது, ஆகவே பிக்சல் சரியாக நான்கு மடங்கு. 8கே என்றால் பதினாறு மடங்கு, 3 கோடியே 32 லட்சம் பிக்சல்.

வேலை கூடினாலும் நேரம் கூடுவதில்லை. வினாடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமானால் ஒரு படத்தை வரைந்து முடிக்கக் கார்டுக்குக் கிடைப்பது 16.7 மில்லி வினாடி. 144 ஃபிரேம் வேண்டுமானால் 6.9 மில்லி வினாடிதான். பால்மரம் சீவிய குடும்பங்களில் வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். வெயில் ஏறுவதற்குள் 500 மரம் சீவுகிறவரிடம் ஒரு நாள் திடீரென்று 2,000 மரத்தைக் கொடுக்கிறோம். அதே கத்தி, அதே கை, வெயிலும் வழக்கமான நேரத்துக்கே ஏறிவிடும். கேமில் எல்லா வேலையும் நான்கு மடங்காகாது என்பது உண்மைதான். ஆனால் ஒளி, நிழல், பிரதிபலிப்பு என்று பிக்சல் பிக்சலாகச் செய்யும் வேலையே பெரும்பங்கு, அது அப்படியே பெருகும்.

சரி, புதிய கார்டுகள் வந்துகொண்டே இருக்கின்றனவே, இரண்டு வருடம் பொறுத்தால் 4கே எல்லோருக்கும் எளிதாகிவிடாதா? இது அடுத்த தவறு. பத்து வருடமாக இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். கார்டுகளின் வேகம் உண்மையிலேயே பல மடங்கு ஏறிவிட்டது. பழைய கேம்களை இன்றைய நடுத்தரக் கார்டு 4கேயில் அலுங்காமல் ஓட்டும். ஆனால் கார்டுக்குக் கூடுதலாகக் கிடைக்கும் பலத்தைக் கேம் செய்கிறவர்கள் சும்மா விட்டுவைப்பதில்லை. 2018இல், ஒளிக்கதிர்களைப் பின்தொடர்ந்து நிழலையும் பிரதிபலிப்பையும் வரையும் ரே டிரேசிங் வீட்டுக் கார்டுகளுக்கு வந்தது. 2020இல் வெளியான சைபர்பங்க் 2077 கேமுக்கு 2023இல் பாத் டிரேசிங் சேர்த்தார்கள், ஒளியின் பாதையையே கணக்கிட்டு வரையும் முறை அது. 2025இல் ஆர்டிஎக்ஸ் 5090 கார்டை அறிமுகப்படுத்தியபோது, அதைச் செய்யும் நிறுவனமான என்விடியாவே காட்டிய கணக்கில், இந்த முறையில் 4கேயை முழுதாக வரையும்போது அந்தக் கார்டால் 30 ஃபிரேமை எட்ட முடியவில்லை. 32 ஜிபி மெமரி, 575 வாட் மின்சாரம் எடுக்கும் கார்டு. நம் நாட்டில் விலை பத்தாயிரம் வெள்ளியைத் தாண்டுகிறது. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்று வைத்துப் பாருங்கள், ஆறு மாத உழைப்பு. அதைக் கொடுத்தாலும் 'எல்லா கேமும், எல்லா அமைப்பும், முழு 4கே' என்பது கிடைக்காது.

அப்படியானால் மற்றவர்கள் எப்படி 4கேயில் விளையாடுகிறார்கள்? அப்ஸ்கேலிங். கேமைச் சின்ன அளவில் வரைந்து, முந்தைய ஃபிரேம்களில் இருக்கும் விவரங்களையும் சேர்த்துப் பெரிதாக்கிக் காட்டும் நுட்பம். என்விடியாவிடம் டிஎல்எஸ்எஸ், ஏஎம்டியிடம் எஃப்எஸ்ஆர், இன்டெல்லிடம் எக்ஸ்இஎஸ்எஸ். நம் பையன்களில் பாதிப் பேர் இதை "ஏமாத்து வேலை" என்று தொடவே மாட்டேன் என்கிறார்கள். மீதிப் பேர் ஃபிரேம் குறைந்த உடனே கண்ணை மூடிக்கொண்டு கடைசிப் படிக்குத் தள்ளிவிடுகிறார்கள். இரண்டுமே தவறு.

முதல் கூட்டத்துக்கு ஒன்று சொல்கிறேன். இன்றைய பெரிய கேம்கள் பல இந்த நுட்பம் இருக்கும் என்ற நினைப்பிலேயே உருவாகின்றன. 2023இல் வந்த ஆலன் வேக் 2 தன் தேவைப் பட்டியலில் குறைந்தபட்ச அமைப்புக்கே டிஎல்எஸ்எஸ் அல்லது எஃப்எஸ்ஆரைச் சேர்த்துத்தான் சொன்னது. அதே வருடம் ரெம்னன்ட் 2ஐச் செய்தவர்களும் அப்ஸ்கேலிங்கை மனத்தில் வைத்தே கேமை வடிவமைத்ததாக வெளிப்படையாகச் சொன்னார்கள். அது நல்ல போக்கு என்று நான் சொல்ல வரவில்லை. கேமைச் செதுக்கி இலகுவாக்கும் பொறுப்பை இப்படிக் கைகழுவுவது எனக்குப் பிடிக்கவே இல்லை. ஆனாலும் கையில் இருக்கும் கருவியைப் பயன்படுத்தாமல் விளையாட்டைக் கெடுத்துக்கொள்வதில் யாருக்கு என்ன லாபம்?

இரண்டாவது கூட்டம் கவனிக்க வேண்டியது, எந்த அளவிலிருந்து பெரிதாக்குகிறோம் என்பதை. 4கே திரையில் அப்ஸ்கேலிங்கை 'குவாலிட்டி' என்ற படியில் வைத்தால் உள்ளே வரைவது 1440பி. 'பெர்ஃபார்மன்ஸ்' வைத்தால் 1080பி. இரண்டுக்கும் போதுமான விவரம் இருக்கிறது, படம் நன்றாகவே வரும். அதே 'பெர்ஃபார்மன்ஸை' 1080பி திரையில் வைத்தால் உள்ளே வரைவது வெறும் 960க்கு 540. இலைகளும் கம்பி வேலியும் கரைந்து குழையும், தூரத்தில் நிற்கும் ஆளுக்கு முகமே இருக்காது. ஆகவே 1080பி திரை வைத்திருப்பவர்கள் 'குவாலிட்டி'க்குக் கீழே இறங்காமல், முதலில் நிழலையும் ரே டிரேசிங்கையும் மூடுபனியையும் குறைக்க வேண்டும். டெக்ஸ்சரை, அதாவது சுவர், தரை போன்றவற்றின் மேல் போர்த்தும் படங்களின் தரத்தை, மட்டும் அவசரப்பட்டுக் குறைக்காதீர்கள். அது பெரும்பாலும் கார்டின் மெமரியைத்தான் பிடிக்கும், வேகத்தை அதிகம் தின்னாது. மெமரி நிரம்பிவிட்டால் கதை வேறு. ஃபிரேம் எண் நன்றாக இருக்கும்போதே படம் வெட்டி வெட்டி நிற்கும், சுவர்கள் களிமண் பூசியது போலத் தெரியும். 8 ஜிபி கார்டில் 4கே முயன்றவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். அப்போதுதான் டெக்ஸ்சரை ஒரு படி இறக்க வேண்டும்.

ஃபிரேம் ஜெனரேஷன் என்ற இன்னொன்றும் இருக்கிறது. உண்மையாக வரைந்த இரண்டு படங்களுக்கு நடுவே கற்பனைப் படத்தைச் செருகும். 60 ஃபிரேம் இருக்கும்போது போட்டால் பார்க்க அழகு. 20 ஃபிரேமில் இருப்பவர் போட்டால் எண் 40 என்று காட்டும், ஆனால் மௌஸை அசைத்தால் 20இன் கனம் கையில் தெரியும். கஞ்சியில் கரண்டி கிண்டுவது போல் இருக்கும்.

அடுத்து, உட்காரும் தூரத்தைக் கணக்கில் எடுக்காமல் பிக்சலை வாங்குவது. சாதாரண நல்ல பார்வை உள்ள கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு வரைதான் பிரித்தறியும். மேசையில் 60 செண்டிமீட்டர் தூரத்தில் அது 0.17 மில்லிமீட்டர். 27 அங்குல 4கே மானிட்டரில் ஒரு பிக்சல் கிட்டத்தட்ட 0.16 மில்லிமீட்டர், கண்ணின் எல்லையிலேயே நிற்கிறது. 27 அங்குல 1440பியில் 0.23. 24 அங்குல 1080பியில் 0.28, உற்றுப் பார்த்தால் தெரியும், விளையாடும்போது மறந்துவிடும். ஆகவே மேசையில் 4கேயால் பலன் உண்டு, முக்கியமாக எழுத்துகளைப் படிக்கும்போது.

ஹாலுக்கு வாருங்கள். 55 அங்குல டிவியைச் சுவரில் மாட்டி, எதிர்ச்சுவரை ஒட்டிய சோபாவில் மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்து கன்சோலில் விளையாடுகிறோம். அந்தத் தூரத்தில் கண் பிரித்தறிவது 0.87 மில்லிமீட்டர். அதே டிவி 1080பியாக இருந்தாலே பிக்சல் 0.63தான். 4கேக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை அந்தச் சோபாவிலிருந்து கண்டுபிடிப்பது மிகக் கடினம். 8கேயைப் பற்றிப் பேசவே வேண்டாம். 2020இல் வந்த பிளேஸ்டேஷன் 5இன் பெட்டியில் 8கே என்று அச்சிட்டிருந்தார்கள். பெரிய கேம்கள் பலவும் அதில் 4கேயைக்கூட முழுதாக வரையாமல், சிறிதாக வரைந்து பெருக்கித்தான் காட்டுகின்றன. டிவிக் கடையில் எட்டு அடி தள்ளி நின்று எது கூர்மை என்று பார்க்கச் சொன்னால், நிறத்தையும் வெளிச்சத்தையும் வைத்துத்தான் நம் கண் முடிவு செய்கிறது. அதனால் டிவிக்குப் பணம் போடுவதாக இருந்தால் அவற்றுக்கே போடுங்கள்.

எங்கள் பக்கத்துப் பையன்கள் கேட்டால் நான் சொல்வது 27 அங்குல 1440பி. 4கேயின் பிக்சலில் பாதிகூட இல்லை, ஆனால் 1080பியிலிருந்து மாறியவர் முதல் நாளே வித்தியாசத்தை உணர்வார். 12 ஜிபி நடுத்தரக் கார்டு அதைத் தாராளமாக ஓட்டும். வேலொரண்ட், டோட்டா மட்டும் விளையாடுகிறவர்களுக்கு அதுவும் வேண்டாம். அந்தக் கேம்களில் கார்டை விட கணினியின் மூளையான சிபியுதான் முதலில் திணறும், வேகமான 1080பி திரையே போதும். ஒரு எச்சரிக்கை: 1440பி திரையில் "லேக் ஆகுது" என்று 1080பிக்கு இறக்காதீர்கள். ஒரு பிக்சலை 1.33 பிக்சலாகப் பங்கிட முடியாது, எழுத்தெல்லாம் கலங்கும். திரையை அதன் சொந்த அளவிலேயே விட்டுவிட்டு, கேமுக்குள் அப்ஸ்கேலிங்கைப் போடுங்கள்.

பணமே செலவில்லாமல் சரியாகும் தவறுகளும் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மானிட்டர் கேபிளைக் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகியிருப்பது: பெட்டியின் பின்னால் நிமிர்ந்து நிற்கும் துளைகள் மதர்போர்டுடையவை, கீழே படுக்கையாக இருப்பவை கார்டுடையவை. 144 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கும்) மானிட்டரை வாங்கிவிட்டு விண்டோஸ் டிஸ்பிளே அமைப்பில் 60இலேயே விட்டிருப்பது. பரணில் கிடந்த பழைய எச்டிஎம்ஐ கேபிளைப் போடுவது: எச்டிஎம்ஐ 1.4 வழியாக 4கே 30 ஹெர்ட்ஸ்தான் வரும், 60க்கு 2.0 வேண்டும், 120க்கு 2.1 வேண்டும். கேபிள் மட்டுமல்ல, இரு பக்கத் துளைகளும் அதே தரத்தில் இருக்க வேண்டும்.

அந்தப் பையன் மானிட்டரைத் திருப்பி அனுப்பவில்லை. அவனுடைய கார்டில் டிஎல்எஸ்எஸ் ஓடாது, அதற்கு ஆர்டிஎக்ஸ் வகைக் கார்டு வேண்டும். ஆனால் எஃப்எஸ்ஆர் 2 ஓடும். 'பெர்ஃபார்மன்ஸ்' வைத்து, நிழலை நடுத்தரத்துக்கு இறக்கினோம். எண் 45ஐச் சுற்றி நின்றது. "இது போதும்ண்ணே, அடுத்த போனஸுக்குக் கார்டு" என்றான். அதற்குள் அப்பா பின்னால் வந்து நின்று, "கரண்டு பில் ஏறுமா தம்பி?" என்று என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் பில்லுக்கு முன்னால் பவர் சப்ளையைப் பார்க்க வேண்டியிருந்தது. அவன் பெட்டியில் இருந்த பவர் சப்ளையின் ஒட்டுத்தாளில் 500 வாட் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பக்கவாட்டு அட்டவணையில் 12 வோல்ட் வரிசையைக் கூட்டிப் பார்த்தால் 300ஐக்கூடத் தொடவில்லை. கார்டுக்கு மின்சாரம் போவது அந்த வரிசையில்தான். புதுக் கார்டு மாட்டும் நாளில் அதையும் மாற்றியாக வேண்டும் என்று இருவரிடமும் சொன்னேன்.

இன்னொன்றையும் சொன்னேன். நம் ஊரில் மத்தியானம் கழிந்தால் இடியும் மின்னலும் எப்போது வரும் என்று தெரியாது. மழை இருட்டும்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும். மோடத்திலிருந்து வரும் லேன் கேபிளையும் சேர்த்து. அப்பா அன்றைக்கே அந்தக் கேபிளின் நுனியில் சிவப்பு டேப் சுற்றி வைத்தார். மகன் பள்ளியில் இருக்கும்போது மழை வந்தால் எதைப் பிடுங்குவது என்று வீட்டில் அம்மாவுக்குத் தெரிய வேண்டுமே.