டிராக்டர் ஆயிலில் விறகு பிளக்கும் மெஷின்: ரிட்டர்ன் லைனில்தான் விஷயம் இருக்கிறது

ராமநாதபுரம் மாவட்டம் சாயல்குடி, கடலாடிப் பக்கம் கரிமூட்டத்துக்குக் கட்டை சேர்ப்பவர்களுக்கு வேலிக்கருவைக் கொம்பு ஒரு பிரச்சினையே இல்லை. தூர்தான் வம்பு. நார் முறுக்கிக் கிடக்கும், கோடாலி எகிறும். பிளக்காமல் அடுக்கினால் வெளிப்புறம் கரியாகி, நடுப்பகுதி கட்டையாகவே நிற்கும். வீட்டில் 25 எச்.பி. மினி டிராக்டர் இருந்தால், இதற்கென்று தனி இன்ஜின் வாங்க வேண்டியதில்லை. டிராக்டரின் ஹைட்ராலிக் ஆயிலே போதும். ஆனால் ஆயில் போகும் லைனை மட்டும் பார்த்துப் பார்த்து அமைத்துவிட்டு, திரும்பி வரும் லைனை ஏனோதானோ என்று விடுவதால்தான் பாதிப் பழுது வருகிறது.

முதலில் கணக்கு. டிராக்டர் புத்தகத்தில் இரண்டு எண்களைத் தேடுங்கள்: பம்ப் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், ரிலீஃப் வால்வு (பிரஷர் எல்லை மீறினால் ஆயிலைத் திறந்துவிடும் வால்வு) எத்தனை பார் பிரஷரில் திறக்கும். 20 லிட்டர், 170 பார் என்று வைத்துக்கொள்வோம். 4 இஞ்ச் உள்விட்டமும் 24 இஞ்ச் ஸ்ட்ரோக்கும் (நீளும் தூரம்) உள்ள சிலிண்டர் சுமார் 14 டன் தள்ளும். முழுதாக நீள 5 லிட்டர் ஆயில் வேண்டும், அதாவது 15 விநாடி. சிலிண்டரிலிருந்து நீளும் தண்டான ராடு 2 இஞ்ச் என்றால் திரும்ப 11 விநாடி. மெதுவாகத்தான் இருக்கும். 3 இஞ்ச் சிலிண்டர் போட்டால் 8 விநாடியில் நீளும், ஆனால் 8 டன்னுக்கும் குறைவு. காய்ந்த கருவைத் தூருக்குப் பற்றாது. நடுவில் 3.5 இஞ்ச் இருக்கிறது: 11 டன் அளவு, 11 விநாடிக்குச் சற்று மேல். தூர் அதிகமென்றால் 4 இஞ்சே எடுங்கள். ஆக்சிலேட்டரை ஏற்றினால் விசை கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். கூடாது. வேகம்தான் கூடும். விசை பிரஷரிலும் சிலிண்டர் அகலத்திலும் மட்டுமே இருக்கிறது.

இனி இணைப்பு. பல டிராக்டர்களில் பின்பக்கம் டிப்பர் டிரெய்லருக்கென்று ஒரே ஒரு வாய் இருக்கும். டிப்பர் தன் எடையில் இறங்கி அதே வழியில் ஆயிலைத் திருப்பி அனுப்பிவிடும். பிளக்கும் மெஷினுக்கு அது ஆகாது. அதன் சிலிண்டர் இரண்டு பக்கமும் ஆயிலில் ஓடுவது. ஆகவே டிப்பர் வாயிலிருந்து பிரஷர் லைன், மெஷினில் ஒரு கை வால்வு, அங்கிருந்து நேராக டிராக்டர் ஹவுசிங்குக்கு (ஆயில் நிற்கும் கூடு) ரிட்டர்ன் என்று மூன்றும் வேண்டும்.

அந்த வால்வு ஓப்பன் சென்டர் வகைதானா என்று கேட்டு வாங்குங்கள். இந்த அளவு டிராக்டர்களில் பெரும்பாலும் கியர் பம்ப்; அது நிற்காமல் ஆயிலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். லீவர் நடுவில் இருக்கும்போது ஆயில் தடையின்றித் திரும்ப வேண்டும். குளோஸ்டு சென்டர் வால்வைப் போட்டால், கட்டை பிளக்காத நேரத்திலும் ரிலீஃப் வால்வு கத்தும். 20 லிட்டரும் 170 பாரும் சேர்ந்தால் ஏழரை எச்.பி.; அத்தனையும் ஆயிலில் சூடாக இறங்கும்.

இரண்டு வாய் உள்ள டிராக்டரில் ஒன்றைப் பிரஷருக்கும் மற்றதை ரிட்டர்னுக்கும் மாட்டிவிடுவது வழக்கம். வேண்டாம். யாராவது டிராக்டர் லீவரை எதிர்ப்பக்கம் தள்ளினால் முழு பிரஷரும் வால்வின் ரிட்டர்ன் வாயில் ஏறும். அந்தப் பக்கம் அத்தனை அழுத்தத்துக்குச் செய்ததல்ல. சீல் பிதுங்கும், வால்வு உடலே வெடிக்கவும் கூடும். ரிட்டர்ன் கப்ளர் (ஹோஸைச் சட்டென்று மாட்டிக் கழற்றும் இணைப்பு) முழுதாக உட்காராமல் பாதியில் நின்றாலும் இதே கதைதான். அதனால் ரிட்டர்ன் லைனில் குவிக் கப்ளரே இல்லாமல் நட்டு வைத்து இறுக்குவது நல்லது. கப்ளர் போட்டே ஆகவேண்டும் என்றால், மாட்டும்போது ரிட்டர்னை முதலில், கழற்றும்போது கடைசியில். டிராக்டர் லீவர் ஒரே பக்கம் மட்டும் போகும்படி ஒரு தகடும் போல்ட்டும் வைத்துவிடுங்கள். கயிற்றால் கட்டுவது ஒரு நாள் அவிழும்.

ரிட்டர்ன் முனை ஹவுசிங்கில் ஆயில் மட்டத்துக்குக் கீழே முடிய வேண்டும். மேலிருந்து கொட்டினால் நுரை பொங்கும். சிலிண்டர் விட்டுவிட்டு நகரும், டிப்ஸ்டிக்கில் ஆயில் வெளுத்துத் தெரியும்.

ஹோஸ்: பிரஷருக்கு அரை இஞ்ச், இரட்டைக் கம்பி வலை. ரிட்டர்னுக்கு முக்கால் இஞ்ச். ஏன் பெரிது? ராடு உள்ளே இழுக்கும்போது பம்ப் 20 லிட்டர் அனுப்பினால், மறுபக்கத்திலிருந்து 26 லிட்டருக்கு மேல் வெளியே வரும். ஹோஸ் ஒடுங்கினால் தானாகத் திரும்பும் லீவர் பாதி வழியிலேயே விடுபட்டு நடுவுக்கு வந்துவிடும். வால்வைக் குறை சொல்லிக் கழற்றுவதற்கு முன் இதைப் பாருங்கள். இணைப்புகளில் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். அதன் துணுக்கு வால்வுக்குள் நகரும் ஸ்பூலில் போய்ச் சிக்கும். ரப்பர் ஒட்டிய வாஷர் போதும்.

பெரும்பாலான டிராக்டரில் கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே ஆயில். மெஷினை முதன்முறை மாட்டியதும் சிலிண்டரும் ஹோஸும் 4 முதல் 5 லிட்டர் குடித்துவிடும். நாலைந்து முறை வெறுமனே நீட்டி இழுத்துக் காற்றை வெளியேற்றி, ராடு உள்ளே இருக்கும்போது மட்டம் பார்த்து, புத்தகத்தில் சொன்ன ஆயிலையே ஊற்றுங்கள். கப்ளரில் ஒட்டிய மணல் நேராகக் கியர் பெட்டிக்குத்தான் போகும் என்பதால், மாட்டும் முன் துணியால் துடைப்பது கட்டாயம்.

சிலிண்டரும் ஆப்பும் உட்காரும் பீமுக்கு ஐ.எஸ்.எம்.பி. 200 (200 மி.மீ. உயர ஐ வடிவ இரும்பு) போடுங்கள். 150 மலிவு, ஆனால் 14 டன்னுக்கு வளைந்துவிடும். சிலிண்டரின் மையம் பீம் மேல்தகட்டிலிருந்து 10 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது. உயர உயர வளைக்கும் விசை கூடும். மெஷினை லிஃப்டில் தொங்கவிட்டு ஓட்டாமல், சொந்தக் காலில் தரையில் நிறுத்துங்கள். முள் பொறுக்கிய இடத்தில் டிராக்டரை நிறுத்துவது டயருக்கு நல்லது.

கருவையைப் பச்சையாகவே பிளந்துவிடுவது உத்தமம். காய்ந்தபின் இரு மடங்கு மல்லுக்கட்டும். 18 இஞ்ச் நீளத்தில் வெட்டி, முனையைச் சதுரமாக அறுங்கள். பெரிய தூரை நடுவில் குத்தாமல் ஓரத்திலிருந்து சிம்பு சிம்பாக எடுங்கள். ஆப்பு நின்று ரிலீஃப் வால்வு கத்தினால் உடனே விட்டுவிட்டுக் கட்டையைத் திருப்பிப் போடுங்கள். மதிய வெயிலில் ஹவுசிங்கில் கை வைக்க முடியாத சூடு வந்தால், வேலையை நிறுத்தி ஆறவிட வேண்டும்.

ஒருவர் கட்டை வைக்க, இன்னொருவர் லீவர் இழுக்க என்று வேலை பிரிக்காதீர்கள். விரல் போவது இப்படித்தான். கட்டை வைப்பவரே லீவரையும் பிடிக்கட்டும். ஹோஸில் கசிவு தேடக் கை வைக்காமல் அட்டைத் துண்டை நீட்டுங்கள். ஊசித் துளையில் பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போனால், வலி இல்லாவிட்டாலும் அந்த நிமிடமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கடலோரத்தில் கடைசி எதிரி உப்புக்காற்று. வேலை முடிந்ததும் ராடை முழுதாக உள்ளே இழுத்து, வெளியே தெரியும் பகுதிக்குக் கிரீஸ் தடவி, கப்ளருக்கு மூடி போடுங்கள். ராடில் குரோம் பொரிந்து புள்ளி விழுந்துவிட்டால் புது சீலும் சீக்கிரமே கிழியும். அப்புறம் ராடையே மாற்ற வேண்டியதுதான்.