பூட்டு இல்லாத கத்தி போதும்: பிரிட்டனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

போன மாதம் எங்கள் வீட்டு மாடி அறைக்குக் குடிவந்த தம்பி, மூன்றாவது நாளே போனை நீட்டி, "அண்ணா, இதுல எது உறுதியா இருக்கும்?" என்று கேட்டார். திரையில் இரண்டு மடக்குக்கத்திகள். ஒன்று, விரித்ததும் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும் வகை. இன்னொன்று, பட்டனை அழுத்தினால் தானாக விரியும் வகை. ஊரில் அப்பாவோடு வாழைத்தோட்டத்தில் வளர்ந்தவர் அவர். இலை அறுக்க, நார் கிழிக்க, மூட்டை பிரிக்க என்று இடுப்பில் எப்போதும் ஒரு கத்தி இருந்திருக்கிறது. அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அந்த முதல் கத்தியைத் தகுந்த காரணம் இல்லாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஈஸ்ட் ஹாம் கடைத்தெருவில் நடந்தால் (ஈஸ்ட் ஹாம், நம்மவர்கள் வாழும் லண்டன் பகுதி) குற்றம். இரண்டாவதை வீட்டு அலமாரியில் வைத்திருந்தாலே குற்றம்.

இதை யாரும் வந்த நாளன்று சொல்லித் தருவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

காரணம் எதுவும் சொல்லாமல் வெளியே கொண்டுபோகக்கூடிய கத்தி இங்கே ஒரே ஒரு வகைதான். மடக்கக்கூடியதாக இருக்க வேண்டும், வெட்டும் விளிம்பு 3 அங்குலத்தைத் தாண்டக்கூடாது, விரித்தபின் பூட்டிக்கொள்ளக் கூடாது. 1988ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டத்தில் வரும் விதி இது. பூட்டு விஷயத்தில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். "சின்னக் கத்திதானே, இரண்டரை அங்குலம்தானே" என்று நினைப்பார்கள். பூட்டிக்கொள்ளும் கத்தி எவ்வளவு சின்னதாக இருந்தாலும், சட்டத்தின் பார்வையில் அது சமையல் கத்தியைப் போல மடங்காத கத்திதான். 1990களிலேயே நீதிமன்றம் அப்படித் தீர்ப்புச் சொல்லிவிட்டது. கையில் வாங்கியதும் விரித்துப் பாருங்கள். மடக்குவதற்கு முன் ஒரு பட்டனையோ நெம்புகோலையோ வளையத்தையோ அசைக்க வேண்டியிருந்தால் அது பூட்டுக்கத்தி.

பட்டன் கத்தியின் கதை இன்னும் கடுமை. அதைச் செய்வதும் விற்பதும் 1959லிருந்தே தடை. 2021 ஜூலை 14 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வீட்டுக்குள் சும்மா வைத்திருப்பதும் தடை. பாதி விரித்ததும் மீதியை ஸ்பிரிங்கே தள்ளித் திறக்கும் கத்திகளும் இப்போது அதே கணக்கில்தான் வரும். வெளிநாட்டுத் தளங்களில் 'அசிஸ்டட்' என்ற பெயரில் விற்பவை இவைதான். விடுமுறைக்கு வெளிநாடு போகும்போது கடைத்தெருவில் கண்ணில் பட்டாலும் வாங்கி வராதீர்கள். ஏற்கெனவே பெட்டியில் இருந்தால், கத்திகளைப் போடுவதற்கென்றே சில ஊர்களில் வைத்திருக்கும் இரும்புப் பெட்டியில் போட்டுவிடுங்கள். அது பக்கத்தில் இல்லையென்றால் காவல் நிலையத்துக்குப் போன் செய்து, எப்படிக் கொண்டுவந்து கொடுப்பது என்று முதலில் கேளுங்கள்.

மற்ற கத்திகளுக்கு 'தகுந்த காரணம்' வேண்டும். அதை நிரூபிக்கும் பொறுப்பு வைத்திருப்பவர் மேல்தான். கிடங்கில் அட்டைப்பெட்டி கிழிக்கும் கட்டர், சமையல்காரர் துணியில் சுருட்டி எடுத்துப்போகும் கத்திகள் எல்லாம் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் சரி. காரணம் அந்த நேரத்தோடு முடிந்துவிடும். நான் வந்த புதிதில் வெள்ளிக்கிழமை வேலை முடித்துக் கட்டரை ஜாக்கெட் பையிலேயே விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ரயில் நிலைய வாசலில் காவலர்கள் உலோகம் கண்டுபிடிக்கும் வளைவை வைத்திருந்தார்கள். அது கத்தியது. பையிலிருந்து அந்த மஞ்சள் கட்டர் வெளியே வந்தபோது என் மனைவியும் குழந்தையும் இரண்டு எட்டு தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலை அடையாள அட்டையைக் காட்டி, எங்கே வேலை, எப்போது முடிந்தது என்று நிதானமாகச் சொன்னேன். கட்டரை வாங்கிக்கொண்டு எச்சரித்து அனுப்பினார்கள். 'மறந்துவிட்டேன்' என்பது மட்டும் காரணமாக நிற்காது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு அந்தக் காவலர் வேறு மாதிரி முடிவெடுத்திருக்கலாம். அன்றிலிருந்து வேலைக் கத்தி வேலையிடத்து லாக்கரை விட்டு வெளியே வருவதில்லை.

கார் உங்களுடையதாக இருக்கலாம், ஆனால் அது நிற்கும் தெரு பொது இடம். டேஷ்போர்டுப் பெட்டிக்குள் கிடக்கும் கத்திக்கும் இதே விதிதான். பொங்கல் விழாவுக்கு மண்டபத்தில் சமைக்கப் பெரிய கத்தியும் அருவாமனையும் எடுத்துப் போகிறீர்கள் என்றால் தாராளமாகப் போகலாம். துணியில் சுற்றி, டப்பாவில் போட்டு, டிக்கியில் வையுங்கள். விழா முடிந்த அன்றே வீட்டுக்குள் எடுத்து வையுங்கள். கடையில் புதுக் கத்தி வாங்கினால் அட்டையைப் பிரிக்காமல் ரசீதோடு நேராக வீட்டுக்கு வாருங்கள். கடையில் வயது கேட்பார்கள், பாஸ்போர்ட்டோ ஓட்டுநர் உரிமமோ கையில் இருக்கட்டும்.

இன்னொன்று, இதை மட்டும் மறக்காதீர்கள். காவலர் கேட்கும்போது "பாதுகாப்புக்காக வைத்திருக்கிறேன்" என்று சொல்லும் நிலை உங்களுக்கு வரவே கூடாது. இரவு ஷிப்ட் முடிந்து தனியாக நடந்து வரும் பிள்ளைகளின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஆளைத் தாக்கும் எண்ணத்தோடு வைத்திருந்தால், தற்காப்புக்கு என்றே வைத்துக்கொண்டாலும், சட்டப்படி சரியான அந்த மூன்று அங்குலக் கத்திகூட ஆயுதமாகிவிடும். பொது இடத்தில் கத்தி வைத்திருந்த குற்றத்துக்கு இங்கிலாந்தில் 4 ஆண்டு வரை சிறை. விசாவில் இருக்கும் நமக்கு அது அதோடு நிற்பதில்லை. ஒவ்வொரு விண்ணப்பத்திலும் எழுத வேண்டும். 12 மாதமோ அதற்கு மேலோ தண்டனை விழுந்தால் நாடு கடத்தும் நடவடிக்கை தானாகவே வந்து சேரும். பயமாக இருந்தால் கூட வேலை செய்பவர்களோடு சேர்ந்து வாருங்கள், வெளிச்சமான சாலையில் சுற்றி வாருங்கள், வீட்டுக்குப் போன் போட்டுப் பேசிக்கொண்டே வாருங்கள். கத்தி வேண்டாம்.

சரி, அப்படியானால் பூட்டு இல்லாமல் உறுதியான கத்தி கிடைக்குமா? கிடைக்கும். இந்த நாட்டிலேயே ஷெஃபீல்டு என்ற ஊர் பல நூற்றாண்டாக அதைத்தான் செய்கிறது. துருப்பிடிக்காத எஃகை ஹாரி பிரியர்லி 1913இல் உருவாக்கியதும் அங்கேதான். பூட்டுக்குப் பதில் முதுகில் ஒரு கனமான ஸ்பிரிங் பட்டை இருக்கும். அதன் இழுவைதான் அலகைத் திறந்தும் மூடியும் பிடித்து வைக்கிறது. உறுதியைப் பார்க்க வேண்டிய இடமும் அதுதான்.

கடையில் கேட்டு வாங்கிப் பாருங்கள். அலகை விரித்து, இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். அலகைப் பிடியோடு மாட்டியிருக்கும் ஆணி தளர்ந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். கத்தியை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, ஸ்பிரிங்குக்கும் பக்கத் தகட்டுக்கும் இடையில் பாருங்கள். ஒளிக்கீற்று தெரிந்தால் வேண்டாம். பிறகு மெதுவாக மடக்குங்கள். நல்ல கத்திகள் சில பாதி வழியில், செங்குத்தாக, ஒரு தரம் நின்று போகும். விரலைக் காப்பாற்றும் நிறுத்தம் அது, புதியவர்களுக்கு நான் அதைத்தான் சிபாரிசு செய்வேன். மூடும்போது விரல்களை அலகின் பாதையில் வைக்காமல் உள்ளங்கையால் தள்ளிப் பழகுங்கள். பூட்டு இல்லாத கத்தியால் எதையும் குத்தவோ நெம்பவோ கூடாது. முனையில் அழுத்தம் விழுந்தால் அலகு உங்கள் விரல் மேலேயே மூடும். இழுத்து அறுக்க மட்டும்தான் அது.

என்ன வாங்கலாம் என்று கேட்டால், முதல் கத்திக்கு சுவிஸ் நிறுவனமான விக்டோரினாக்ஸின் பயனியர். அலுமினியப் பிடி, தடித்த அலகு, ஸ்குரூடிரைவர், டப்பா திறப்பான் எல்லாம் உண்டு. ஆனால் அதே நிறுவனத்தின், மடக்கினால் 111 மில்லிமீட்டர் நீளம் வரும் பெரிய கத்திகளில் பூட்டுண்டு, பார்த்து வாங்குங்கள். கையில் காசு குறைவு என்றால் பிரெஞ்சு ஓபினெல் 5ஆம் எண் போதும். 6ஆம் எண்ணிலிருந்து பூட்டு வளையம் வந்துவிடும். அதன் மரப்பிடி இந்த ஊர் மழையில் ஊதி அலகைக் கவ்விக்கொள்ளும். பிடியின் அடிப்பக்கத்தை மேசையில் ஒரு தட்டுத் தட்டினால் அலகு தலைகாட்டும். லெதர்மேன் வேவ் போன்ற, இடுக்கியோடு கத்தியும் சேர்ந்த பெரிய கருவிகளின் அலகு பூட்டிக்கொள்ளும், அவை வேலைக்கு மட்டும்.

எனக்குப் பிடித்தது ஷெஃபீல்டின் 'லாம்ப்ஸ்ஃபுட்'. ஆட்டுக் குளம்பு சீவுவதற்கென்று வந்த வடிவம். விளிம்பு நேர்க்கோடு, கூர்முனை கிடையாது. ஆப்பிள் நறுக்க, பார்சல் கயிறு அறுக்க, அரிசி மூட்டையின் தையல் பிரிக்க அதைவிட வசதியானது எனக்குக் கிடைத்ததில்லை. மாடித் தம்பியும் கடைசியில் அதைத்தான் வாங்கினார், கார்பன் எஃகில். எலுமிச்சை வெட்டிய அன்றே அலகு கறுத்துவிட்டது என்று பதறி ஓடிவந்தார். நம் வீட்டு அருவாமனை கறுப்பதில்லையா, அதே கறுப்புதான். அது துரு இல்லை, தேய்த்து எடுக்க வேண்டியதும் இல்லை. வெட்டியதும் துடைத்து ஈரமில்லாமல் மூடி வைத்தால் போதும். மாதம் ஒருமுறை ஆணியின் மூட்டில் கொஞ்சம் எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெயே போதும். குளிர்காலத்தில் குப்பிக்குள் வெள்ளையாக உறைந்திருக்கும். நகத்தால் கடுகளவு சுரண்டி விரல்களுக்கு நடுவே வைத்துத் தேய்த்தால் உருகி மூட்டுக்குள் இறங்கிவிடும்.