மைலோமாவும் சிறுநீரகமும்: வீட்டில் நடக்கும் தவறுகள்

மருந்தை நேரத்துக்குக் கொடுங்கள் என்றெல்லாம் சொல்ல வரவில்லை, அது எல்லோருக்கும் தெரியும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் புற்றுநோய் வார்டில் வேலை பார்க்கிறேன். மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய் வந்தவரைப் புதிதாகப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்கள் ஒரே இடத்தில்தான், சிறுநீரகத்தைக் காப்பதில்தான், திரும்பத் திரும்பச் சறுக்குகின்றன.

முதுகு வலிக்குக் கடை மாத்திரை

இதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. சாட்ஸ்வர்த்திலிருந்து ஓர் ஆன்ட்டி வந்தார். வாந்தி, கால் வீக்கம், சிறுநீரும் சரியாகப் போகவில்லை. சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் ஏறும் கழிவான கிரியாட்டினின், முன்பு லிட்டருக்கு 100 மைக்ரோமோலை ஒட்டியிருந்தது, இப்போது 500-ஐத் தாண்டியிருந்தது. "வேற மருந்து ஏதாவது சாப்பிட்டீங்களா ஆன்ட்டி?" என்றேன். "இல்லை சிஸ்டர்." கிளினிக் கார்டை எடுக்கக் கைப்பையைத் திறந்தபோது இபுப்ரோஃபென் அட்டை கீழே விழுந்தது. இரண்டு மாத்திரைதான் மிச்சம். "இது மருந்தில்லையே, வெறும் வலி மாத்திரைதானே" என்றாள் மகள். அவள்மேல் தவறில்லை, யாரும் சொல்லவில்லை. ஆன்ட்டிக்கு இப்போது வாரம் மூன்று முறை டயாலிசிஸ்.

மைலோமா செல்கள் லைட் செயின் என்ற புரதத் துண்டுகளை ரத்தத்தில் கொட்டுகின்றன. அவை சிறுநீரகத்தின் நுண்குழாய்களுக்குள் இறங்கி, அங்குள்ள இன்னொரு புரதத்தோடு சேர்ந்து, கஞ்சி காய்ந்த ஸிங்க் குழாய் போல அடைத்துக்கொள்ளும். நீர் தாராளமாக ஓடினால்தான் அடைப்பைத் தடுக்க முடியும். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளோ சிறுநீரகத்துக்கு வரும் ரத்தத்தையே குறைத்துவிடுகின்றன. பல தலைவலித் தூள்களில் ஆஸ்பிரின் இருக்கிறது, அதுவும் இதே குடும்பம்தான்.

வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. எலும்பு வலி கொடுமையானது. பாராசிட்டமால், தேவைப்பட்டால் மார்ஃபின், வலிக்கிற எலும்புக்கு ரேடியேஷன் என்று வழிகள் இருக்கின்றன. டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

தண்ணீர்

பொதுவாக நாளுக்கு 3 லிட்டர் வரை குடிக்கச் சொல்வார்கள். இதயக் கோளாறு இருந்தாலோ சிறுநீர் குறைந்துவிட்டாலோ அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். தைப்பூசக் காவடி சமயத்தில் டர்பனில் நல்ல கோடை. அந்த வெயிலில் தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் இருக்க வேண்டாம். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சிறுநீரில் சோதனைப் பட்டை நனைத்துப் பார்ப்பது

அந்தப் பட்டை முக்கியமாக ஆல்புமின் என்ற வேறொரு புரதத்தைத்தான் காட்டும். லைட் செயின் நிறையப் போனாலும் "புரதம் இல்லை" என்றே வரலாம். லைட் செயினுக்கான ரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள்.

ஸ்கேன்

ஸ்கேனுக்காகச் சாய ஊசி போடுவதற்கு முன்பே மைலோமா என்று சொல்லிவிடுங்கள், அந்தச் சாயம் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும்.

மலச்சிக்கல், அடங்காத தாகம், பேச்சில் குழப்பம்

ரத்தத்தில் கால்சியம் ஏறியிருக்கலாம். அன்றைக்கே கூட்டி வாருங்கள்.