ஈருறுப்புப் பரவலின் எதிர்பார்ப்பு: விதைநெல்லை வைத்து ஒரு கணக்கு

குறுவைக்கு நாற்றங்கால் விடுமுன், விதைநெல்லில் 100 மணிகளை எண்ணி ஈரத்துணியில் முடிந்துவைத்து, எத்தனை முளைவிடுகின்றன என்று பார்ப்பவர்கள் தஞ்சை, திருவாரூர்ப் பக்கத்தில் உண்டு. சான்று பெற்ற நெல்விதைக்குக் குறைந்தபட்ச முளைப்புத்திறன் 80 விழுக்காடு என்பதால், ஒரு மணி முளைப்பதற்கான நிகழ்தகவை 0.8 என்றே கொள்வோம்.

பல முயற்சிகளில் எத்தனை வெற்றி என்ற ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் உரிய நிகழ்தகவைத் தருவது ஈருறுப்புப் பரவல். முதலில் இது ஈருறுப்புப் பரவல்தானா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். முயற்சிகளின் எண்ணிக்கை முன்பே முடிவாகியிருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் முளைத்தல், முளைக்காமை என இரண்டே விளைவுகள் இருக்க வேண்டும். நிகழ்தகவு எல்லா மணிக்கும் ஒன்றாகவும், ஒரு மணியின் விளைவு மற்றதைப் பாதிக்காததாகவும் அமைய வேண்டும்.

வெறும் 3 மணிகளை எடுத்துக்கொண்டால் முழுக் கணக்கையும் கையாலேயே போடலாம். ஒன்றும் முளைக்காதிருக்க நிகழ்தகவு 0.2 × 0.2 × 0.2 = 0.008. ஒன்று மட்டும் முளைக்க, அந்த ஒன்று மூன்றில் எதுவாகவும் இருக்கலாம் என்பதால், 3 × 0.8 × 0.2 × 0.2 = 0.096. இவ்வாறே இரண்டுக்கு 0.384, மூன்றுக்கு 0.512. நான்கையும் கூட்டினால் 1 வருகிறதா என்று பார்த்துவிட்டு மேலே செல்வது நல்லது. பிழை பெரும்பாலும் அங்கேயே பிடிபடும். இனி ஒவ்வொரு எண்ணிக்கையையும் அதன் நிகழ்தகவால் பெருக்கிக் கூட்டினால், 0 + 0.096 + 0.768 + 1.536 = 2.4 கிடைக்கிறது. இதுவே எதிர்பார்ப்பு.

இதே விடை 3 × 0.8 என்ற ஒரே பெருக்கலிலும் வந்துவிடுகிறது. முளைத்தால் 1, இல்லையேல் 0 என்று ஒரு மணிக்கு மதிப்பிட்டால், அதன் எதிர்பார்ப்பு 1 × 0.8 + 0 × 0.2 = 0.8 ஆகும், கூட்டுத்தொகையின் எதிர்பார்ப்பு எதிர்பார்ப்புகளின் கூட்டுத்தொகையே என்பதால், மணிக்கு 0.8 வீதம் கூட்டிக்கொண்டே போனால் போதும். ஆகவே முயற்சிகளின் எண்ணிக்கையை வெற்றிக்கான நிகழ்தகவால் பெருக்குவதே சூத்திரம். 100 மணிக்கு 80.

2.4 மணி எப்படி முளைக்கும் என்று மாணவர்கள் கேட்பதுண்டு, நியாயமான கேள்விதான். எதிர்பார்ப்பு என்பது ஒரு முடிச்சை அவிழ்த்தால் காணப்போகும் எண்ணிக்கையன்று, அதே சோதனையைப் பலமுறை செய்தால் கிடைக்கும் சராசரி. 100 மணிச் சோதனையில்கூடச் சரியாக 80 முளைப்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 10 விழுக்காடுதான். எண்ணிக்கை சராசரியிலிருந்து வழக்கமாக எவ்வளவு விலகும் என்பதைக் காட்டும் திட்ட விலக்கம், 100 × 0.8 × 0.2 என்பதன் வர்க்கமூலமாகிய 4 என்பதால், 77 முளைத்ததற்காக விதையைக் குறைசொல்ல முடியாது.

துணிக்குள் ஒரு மணியில் பிடித்த பூஞ்சை பக்கத்து மணிக்கும் பரவினால், சார்பின்மை கெட்டுப் பரவல் ஈருறுப்பாக இராது. அப்போதும் ஒவ்வொரு மணிக்கும் நிகழ்தகவு 0.8 ஆகவே இருக்குமானால், எதிர்பார்ப்பு 80 என்பதில் மாற்றமில்லை; திட்ட விலக்கம் 4 என்பதை மட்டும் நம்பக் கூடாது.