டிரைவ் ஷாஃப்ட் போல்ட் கழட்டுறப்ப பண்ணக்கூடாத தப்புங்க

போன வாரம் தம்பி முறை ஆகுற பையன் ஒருத்தன் பழைய காரோட டிரைவ் ஷாஃப்டை, அதான் கியர்பாக்ஸ்ல இருந்து சக்கரத்த சுத்துற தண்டை, கழட்டுறேன்னு உக்காந்தான், நானும் பக்கத்துல ஸ்டூல் போட்டுப் பாத்துட்டு இருந்தேன், பதினஞ்சு வருசத்துக்கு முன்னாடி நான் என்னல்லாம் பண்ணேனோ அதையே வரிசை மாறாம பண்றான். எந்தப் பக்கம் சுத்தணும், எந்த சைஸ் சாக்கெட்னெல்லாம் இங்க சொல்லப்போறதில்ல, அது ரெண்டு தடவை விரல் நசுங்குனா தானா வந்துடும்.

வண்டியத் தூக்கிட்டு ஆக்சில் நட்ல கை வைக்கிறது

பல வண்டியில ஷாஃப்டை சக்கரத்தோட பிடிச்சிருக்குற இந்த நட்டை 200 நியூட்டன் மீட்டருக்கு மேல டைட் பண்ணியிருப்பாங்க. ஜாக் மேல நிக்குற வண்டியில நீளக் கம்பிய மாட்டி ஏறி மிதிச்சா, நட்டுக்கு முன்னாடி வண்டி இறங்கிடும். சக்கரம் தரையில இருக்கும்போதே ஒருத்தர பிரேக் மிதிக்கச் சொல்லிட்டு லேசா லூஸ் பண்ணுங்க, அதோட நிறுத்திட்டு மிச்சத்த தூக்குனப்புறம் கழட்டுங்க, ஏன்னா நட் பிடி இல்லாம வெயிட் ஏறுனா பேரிங் அடிவாங்கும். நட்டோட விளிம்ப ஷாஃப்ட் காடிக்குள்ள அடிச்சு மடக்கியிருந்தா முதல்ல உளியால நிமித்திடுங்க, இல்லேன்னா மரை போச்சு.

கியர் ஆயில வடிச்சிட்டு ஊத்துற ப்ளக்கைத் தேடுறது

ஊத்துற ப்ளக் கழலுதான்னு பாத்துட்டு வடிங்க.

ஈசி அவுட்டை நம்புறது

ஈசி அவுட்னா மழுங்குன போல்ட்ல ஓட்டை போட்டு, உள்ள சொருகி முறுக்கி எடுக்குற கம்பி. இத நினைச்சா இன்னிக்கும் கடுப்பாகுது. சில வண்டியில ஷாஃப்டோட உள்பக்க ஜாயின்ட்டை கியர்பாக்ஸ் ஃபிளேஞ்சோட (கியர்பாக்ஸ்ல இருந்து நீட்டிக்கிட்டு இருக்குற வட்டத் தட்டு) ஆறு போல்ட் பிடிச்சிருக்கும், தலைக்குள்ள நட்சத்திரம் மாதிரி குழி. பாக்க டார்க்ஸ் மாதிரியே இருக்கும், ஆனா டார்க்ஸுக்கு ஆறு முனைதான், இதுல பன்னெண்டு, பேரு டிரிபிள் ஸ்கொயர், பிட்டே தனி. நான் டார்க்ஸையே திணிச்சேன். குழிக்குள்ள வருசக்கணக்கா சேந்த கிரீஸும் மண்ணும் கல்லு மாதிரி இறுகியிருந்துச்சு, பிட் பாதிதான் இறங்குச்சு, அதையும் கவனிக்கல, ஒரே இழுப்பு, கர்ருனு வழுக்கி முனையெல்லாம் மழுங்கிடுச்சு.

அதோட விட்டிருக்கணும். விடல. நடுவுல ட்ரில் போட்டு ஈசி அவுட்டை இறக்கி முறுக்குனேன், டிக்னு ஒரு சத்தம், உள்ளயே முறிஞ்சு நின்னுடுச்சு. அது ரொம்ப கடினமான ஸ்டீல், சாதா ட்ரில் பிட்டெல்லாம் அதுமேல வழுக்கிட்டுதான் ஓடும். முழு பிட்டுக்கே அசையாத போல்ட், அதுக்குள்ள ஓட்டை போட்டு சொருகுன பென்சில் தண்டி கம்பிக்கா அசையப்போகுது? அன்னிக்கு தோணல. கடைசில ஃபிளேஞ்சையே மாத்தி, அத உருவுனதுல ஆயில் சீலும் மாத்தி, கியர் ஆயிலும் புதுசா ஊத்தினேன், எல்லாம் ஒரே ஒரு போல்ட்டுக்கு.

இந்த எடத்துல போல்ட் மழுங்கிடுச்சுன்னா தலைய மட்டும் ட்ரில் போட்டு எடுத்துடுங்க. கழலாததுக்குப் பெரிய காரணமே தலை அந்த ஜாயின்ட்டை இழுத்துப் பிடிச்சிருக்குற விசைதான், தலை போனா அதுவும் போயிடும். மிச்ச அஞ்சையும் கழட்டி ஜாயின்ட்டை நகத்துனா மரைத்தண்டு மட்டும் நீட்டிக்கிட்டு நிக்கும், லாக்கிங் பிளையர்ல பிடிச்சா சுத்திட்டு வந்துடும், எனக்கு சில தடவை விரல்லயே வந்திருக்கு.

அந்த நிலைமைக்கே போகாம இருக்க, குழிய சின்ன ஸ்க்ரூடிரைவரால நோண்டி சுத்தம் பண்ணி, சரியான பிட்டை சுத்தியால தட்டி அடிவரைக்கும் இறக்குங்க, அந்த தட்டுலயே துருவும் கொஞ்சம் விடும். தம்பி கையில இருந்ததும் டார்க்ஸ் பிட்தான். பிடுங்கி வச்சுக்கிட்டேன், முறைச்சான்.

நெருப்பு காட்டுறது

ரப்பர் பூட், ஆயில் சீல் பக்கத்துல வேணாம். பிரேக் கிளீனர் அடிச்ச எடத்துல சுத்தமா வேணாம், தீப்பிடிக்கிறது ஒரு பக்கம், சில கிளீனர்ல குளோரின் கலந்திருக்கும், சூடு பட்டா விஷ வாயு வரும்.

அதே பழைய போல்ட்டைத் திரும்ப மாட்டுறது

மாட்டாதீங்க.