வரம் என்றாலே மைக்கா?

கேரள எல்லையில் உள்ள களியக்காவிளையிலிருந்து மார்த்தாண்டம் வரும் வழியில் சி.எஸ்.ஐ., கத்தோலிக்கம், இரட்சணிய சேனை, பெந்தெகொஸ்தே என எல்லாச் சபைக்காரர்களையும் பார்க்கலாம். ஆவிக்குரிய வரங்கள், அதாவது பரிசுத்த ஆவி விசுவாசிகளுக்குக் கொடுக்கும் திறன்கள் என்று பேச்செடுத்தால் மட்டும், எந்தச் சபையாக இருந்தாலும் கண் மேடைக்குத்தான் போகிறது.

இதற்குக் காரணம், பட்டியலைப் பாதியில் நிறுத்திவிடுவது. கொரிந்து சபைக்குப் பவுல் எழுதிய முதல் கடிதத்தில், 1 கொரிந்தியர் 12:8-10இல் வரும் ஒன்பது வரங்களைச் சொல்லி, அதிலும் தீர்க்கதரிசனம், குணமாக்குதல், பாஷைகள் மூன்றை மட்டும் பிடித்துக்கொள்கிறோம். அதே அதிகாரம் 28ஆம் வசனத்தில் பிறருக்கு உதவுவதும் நிர்வாகமும் இருக்கின்றன. ரோமர் 12இல் பகிர்ந்துகொடுப்பதும் இரக்கம் செய்வதும்கூட வரம்தான். சபைக் கணக்கை ஒரு ரூபாய் பிசகாமல் எழுதுகிறவரை யாராவது வரம் பெற்றவர் என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

அடுத்தது, அந்நிய பாஷை (ஆவியின் ஏவுதலால், படிக்காத மொழியில் பேசுவது) பேசாதவரை ஒரு படி கீழே வைப்பது. "எல்லாரும் அந்நிய பாஷைகளைப் பேசுகிறார்களா?" என்று பவுலே கேட்கிறார். ஆவியின் அபிஷேகம் பெற்றதற்கு அடையாளமாகப் பேசுவது வேறு, வரமாகப் பேசுவது வேறு என்று பெந்தெகொஸ்தே சபைகள் பிரித்துச் சொல்வதுண்டு. சரி, அந்த விவாதம் இருக்கட்டும். கூட்டத்தில் பேசினால் இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர், அதுவும் ஒவ்வொருவராக, அர்த்தம் சொல்ல ஆள் இல்லையென்றால் அமைதி: 1 கொரிந்தியர் 14ஆம் அதிகாரத்தின் இந்த ஒழுங்கையாவது மறக்காமல் இருக்கலாம். அப்புறம், கன்வென்ஷனில் மலையாளப் பிரசங்கத்தைத் தமிழாக்குகிறவர் செய்வதைப் பவுல் சொல்லும் வியாக்கியானமாக, அதாவது அந்நிய பாஷைக்கு அர்த்தம் சொல்லும் வரமாக, எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர் இரண்டு மொழியும் படித்தவர். எல்லையோரத்தில் பாதிப் பேருக்கு அவர் தேவைப்படுவதும் இல்லை!

வரத்தை வைத்து ஆளை எடைபோடுவது இன்னொன்று. கொரிந்து சபைக்கு வரத்தில் குறைவில்லை. கட்சி கட்டிச் சண்டை போட்டதும் அதே சபைதான். கலாத்தியர் 5 சொல்லும் ஆவியின் கனி, அதாவது அன்பு, பொறுமை போன்ற குணங்கள், தனிக் கணக்கு.

கடைசியாக, "எனக்கு வரமே இல்லை" என்று ஒதுங்குவது. எங்கள் பக்கத்தில் ஒரு பாட்டி உண்டு. மரண வீட்டில் கூட்டம் கலைந்து ஒரு வாரம் கழித்துத்தான் போவார், சாயந்தரம் வரை உட்கார்ந்திருப்பார். உங்களுக்கு என்ன வரம் என்று ஒருநாள் கேட்டேன்.

"எனக்கு என்ன வரம் மக்களே, சும்மா போய் இருப்பேன், அவ்வளவுதான்."