குடல் புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பிறகு: பாசத்தில் நாம் செய்யும் தவறுகள்

அம்மாவுக்கு மலக்குடலில் கட்டி என்று தெரிந்தபோது வீட்டில் எல்லோருக்கும் ஆபரேஷனை நினைத்துத்தான் பயம். அது நல்லபடியாக முடிந்தது. நாங்கள் தடுமாறியதெல்லாம் அதற்குப் பிறகு வந்த இரண்டு மாதங்களில். "பாவம், படுத்திருக்கட்டும்", "இன்னும் நாலு நாள் கஞ்சியே குடிக்கட்டும்" என்று பாசத்தில் சொன்னவைதான் அவர் தேறி வருவதைத் தள்ளிப்போட்டன. இன்னொரு வீட்டில் அப்படி நடக்கக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் தவறு படுக்கையிலேயே வைத்திருப்பது. தையல் பிரிந்துவிடும் என்ற பயம் நம் ஊரில் எல்லோருக்கும் உண்டு. ஆபரேஷன் முடிந்த அன்று சாயங்காலமே நர்ஸ் வந்து அம்மாவை நாற்காலியில் உட்கார வைக்கப் பார்த்தார். "நாளைக்குப் பார்த்துக்கலாம் சிஸ்டர்" என்று நானே தடுத்தேன். அப்படித் தடுத்தது தவறு. படுத்தே கிடந்தால் நுரையீரலின் அடிப்பகுதியில் சளி தங்கி நிமோனியா வரலாம். காலில் ரத்தம் உறையலாம். வயதானவர்களுக்குத் தொடைச் சதை சில நாட்களிலேயே கரையத் தொடங்கிவிடும். குடலும் சோம்பிப்போகும்.

டென்மார்க்கின் அறுவை மருத்துவர் ஹென்ரிக் கேலெட் 1990களில் இதைத்தான் தோண்டினார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்த நோயாளி இன்றைக்கும் ஏன் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று கேட்டுக்கொண்டே போனார். வலி, குமட்டல், ஓடாத குடல், படுக்கை, பட்டினி என்று காரணங்கள் வந்தன. ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் குறைத்தபோது, முன்பு ஒரு வாரத்துக்கு மேல் தங்க வேண்டியிருந்த இத்தகைய நோயாளிகள் அதைவிட வெகு சீக்கிரமாக வீடு திரும்பினார்கள். இன்று பல நாடுகளில் குடல் ஆபரேஷனுக்கு இதுதான் நடைமுறை.

எழுந்திருக்க ஒரு முறை இருக்கிறது. மல்லாந்தபடியே வயிற்றை மடக்கி எழக்கூடாது. பக்கவாட்டில் திரும்பி, கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, முழங்கையை ஊன்றி எழ வேண்டும். இருமல் வந்தால் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இரும வேண்டும். இந்தத் தலையணை வித்தையைப் பக்கத்துக் கட்டில் அக்காதான் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தார். அப்புறம்தான் அம்மா பயமில்லாமல் இருமினார். மூன்று பந்து வைத்த ஊதும் கருவி என்று நாம் சொல்வதை ஊதக்கூடாது, உள்ளே இழுக்க வேண்டும் என்பதும் எங்களுக்கு மூன்றாம் நாள்தான் புரிந்தது.

வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வதும் இதோடு சேர்ந்த தவறுதான். வலியோடு இருப்பவர் இருமவும் மாட்டார், நடக்கவும் மாட்டார். பாராசிட்டமால் மாதிரி மாத்திரைகளை வலி வந்த பிறகு தருவதைவிட, டாக்டர் சொன்ன நேரத்துக்குத் தருவது நல்லது. டிரமடால், மார்ஃபின் போன்ற கடுமையான வலி மருந்துகள் குடலை மந்தப்படுத்தும். சாதாரண மாத்திரையை ஒழுங்காகக் கொடுத்தால் அவற்றின் தேவை குறையும்.

இனி சாப்பாடு. ஆபரேஷனுக்கு முன்னாலேயே பட்டினி தொடங்கிவிடுகிறது. நடுராத்திரிக்கு மேல் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது என்பது பழைய வழக்கம். பொதுவாகத் திட உணவை 6 மணி நேரத்துக்கு முன்பும், தெளிந்த தண்ணீரை 2 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்தினால் போதும் என்று இன்றைய மயக்கவியல் வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. சர்க்கரை நோய், குடல் அடைப்பு உள்ளவர்களுக்குக் கணக்கு மாறும். அதனால் நீங்களாக முடிவு செய்யாமல் மயக்க மருந்து டாக்டரிடம் கேளுங்கள்.

காற்று பிரிந்த பிறகுதான் வாயில் எதுவும் தர வேண்டும் என்ற கட்டாயமும் இப்போது பல இடங்களில் இல்லை. மறுநாளே கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவும் சாப்பிடவும் தருகிறார்கள். சூயிங்கம் மெல்லச் சொல்வதும் உண்டு. ஏதோ சாப்பாடு வருகிறது என்று குடல் நினைத்து அசையத் தொடங்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு நாங்கள் செய்த பெரிய தவறு பத்தியம். முட்டை சூடு, மீன் சாப்பிட்டால் புண் சீழ் பிடிக்கும், தயிர் சளி என்று ஆளாளுக்குச் சொல்ல, மூன்று வாரம் அரிசிக் கஞ்சியும் ரசம் சாதமும்தான். அம்மா 6 கிலோ இளைத்துப்போனார். வெட்டிச் சேர்த்த குடல் ஒட்டுவதற்குப் புரதம் வேண்டும். உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை என்பது பொதுக் கணக்கு. 55 கிலோ உள்ளவருக்கு ஒரு நாளைக்கு 66 கிராமுக்குக் குறையாமல் வரும். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது என்றால், கஞ்சியை மட்டும் வைத்து எப்படி எட்ட முடியும்? குழைந்த பருப்பு, முட்டை, மீன், தயிர், பனீர் என்று ஒரு நாளில் ஆறு வேளை சிறிது சிறிதாகக் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவை டாக்டர் சொல்லட்டும். முதல் சில வாரங்களுக்குத் தள்ளிவைக்க வேண்டியவை நார் மிகுந்தவை: கீரைத்தண்டு, முருங்கைக்காய், தேங்காய்ச் சில்லு, காளான், மக்காச்சோளம். மலம் சேர வயிற்றில் பை வைத்தவர்களுக்கு இவை வழியை அடைத்துக்கொள்ளலாம்.

பை என்றதும் நினைவுக்கு வருகிறது. மலக்குடல் பக்கம் வெட்டிச் சேர்த்த இடம் ஆறும்வரை, சிறுகுடலை வலப்பக்கம் வயிற்றுக்கு வெளியே எடுத்துத் தற்காலிகமாகப் பை பொருத்தியிருந்தார்கள். இதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அம்மாவைத் திரும்ப ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது இதுதான். பை சீக்கிரம் சீக்கிரம் நிறைந்தது. நாங்களும் தண்ணீர், டீ, இளநீர் என்று கொடுத்துக்கொண்டே இருந்தோம். சிறுகுடல் வழியாகப் போவது தண்ணீர் மட்டும் இல்லை, உப்பும் சேர்ந்து போகிறது. வெறும் தண்ணீரை அதிகம் குடித்தால் பையில் விழுவதும் அதிகமாகும், உடம்பு இன்னும் வறளும். ஒருநாள் காலை எழுந்தவர் தலைசுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். முந்தின ராத்திரியிலிருந்து சிறுநீரே சரியாகப் போகவில்லை. ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் திணறுவதைக் காட்டும் கிரியாட்டினின் ஏறியிருந்தது.

இந்தச் சிக்கலுக்கு ஓஆர்எஸ் என்ற உப்புச் சர்க்கரைக் கரைசல்தான் சரியான பானம். பாக்கெட்டில் எழுதிய அளவுத் தண்ணீரில், கூட்டாமல் குறைக்காமல் கலக்க வேண்டும். அளவுக் குவளை ஒன்று வாங்கி, பையில் இருந்து எடுப்பதை முதல் மாதம் எழுதி வையுங்கள். ஒரு நாளைக்கு 1.5 லிட்டரைத் தாண்டினால் காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். குடல் ஓட்டத்தைக் குறைக்கும் லோபரமைடு போன்ற மாத்திரை அவர் சொல்லித்தான்.

தோலும் அம்மாவைப் படுத்தியது. பை ஒட்டும் தகட்டில் ஓட்டையைப் பெரிதாக வெட்டிவிட்டோம். இடைவெளியில் மலம் பட்டுத் தோல் வெந்துபோனது. வெளியே எடுத்த குடல் முதல் 6 முதல் 8 வாரத்தில் சுருங்கும். அதனால் வாராவாரம் அளந்து வெட்ட வேண்டும். சுற்றிலும் டெட்டால், எண்ணெய், வாசனை சோப்பு வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்து, நன்றாக உலர்த்தி ஒட்டினால் போதும்.

அப்புறம், எல்லாவற்றையும் கேஸ் என்று தள்ளிவிடுவது. வெட்டிச் சேர்த்த இடம் கசிந்தால் பெரும்பாலும் முதல் பத்து நாட்களில் தெரியும். காய்ச்சல், படபடவென்ற நாடி, கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, வாந்தி, உப்பிய வயிறு. இதற்கு ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டு ராத்திரியைக் கடத்தாதீர்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும், திடீரென மூச்சு வாங்கினாலும் அப்படித்தான், உடனே கிளம்ப வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் போடும் ஊசியைப் புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பிறகு பலருக்கு 28 நாள் வரை எழுதுகிறார்கள். டிஸ்சார்ஜ் ஆனதும் அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

வெட்டி எடுத்த கட்டியைப் பரிசோதித்த பயாப்ஸி ரிப்போர்ட்டை வாங்காமல் விடுவதும் ஒரு தவறு. கீமோ வேண்டுமா என்பது அதில்தான் தெரியும். வேண்டுமென்றால் ஆபரேஷன் முடிந்து 8 வாரத்துக்குள் தொடங்கப் பார்ப்பார்கள். உடம்பு தேறட்டும் என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுவது ஆபத்து.

பிறகும் நடையை விடக்கூடாது. பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷனும் கீமோவும் முடித்த 889 பேரை வைத்து நடந்த ஒரு ஆய்வு 2025இல் வெளியானது. மூன்று ஆண்டு பயிற்சியாளரோடு உடற்பயிற்சி செய்தவர்களில், ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் நோயின்றி இருந்தவர்கள் 80 சதவீதம். கையேடு மட்டும் வாங்கிப்போனவர்களில் 74 சதவீதம். அம்மா இப்போது சாயங்காலம் மொட்டை மாடியில் நடக்கிறார், பக்கத்து மாடிக்காரரிடம் பேசிக்கொண்டே.

ஆபரேஷன் முடிந்த ஒரு வருடத்தில் கொலோனோஸ்கோபி (குழாய் கேமரா விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது), இடையிடையே நோய் திரும்புகிறதா என்று காட்டும் சிஇஏ ரத்தப் பரிசோதனை என்று ஐந்து வருடம் கண்காணிப்பு உண்டு. நன்றாகத்தானே இருக்கிறார் என்று இதை விட்டுவிடக்கூடாது. கூடப் பிறந்தவர்களும் பிள்ளைகளும் 40 வயதில், அல்லது வீட்டில் நோய் வந்தவரின் வயதுக்குப் பத்து வருடம் முன்பு, எது முதலில் வருகிறதோ அப்போது கொலோனோஸ்கோபி செய்துகொள்ளச் சொல்கிறார்கள். அம்மாவுக்கு 53 வயதில் தெரிந்தது. எனக்கும் என் தம்பிக்கும் அந்தக் கணக்கு 40.